எண்ணெய்ப் பணம்: சேமிப்பதா, கட்டுவதா, கையில் கொடுப்பதா? கயானா எடுக்க வேண்டிய முடிவு

தென் அமெரிக்காவின் வடகரையில் உள்ள கயானாவில் ஏறக்குறைய எட்டு லட்சம் பேர் வாழ்கிறார்கள். 2015-ல் அதன் கடற்பரப்பில் எக்ஸான்மொபில் நிறுவனம் எண்ணெய் கண்டுபிடித்தது. 2019 டிசம்பரில் உற்பத்தி தொடங்கியது. ஆறே ஆண்டுகளில் அது நாளொன்றுக்குச் சுமார் 9 லட்சம் பீப்பாய் என்ற அளவுக்கு வந்துவிட்டது. அதாவது தலைக்கு ஒரு பீப்பாய்க்கும் மேல். 2022-ல் மட்டும் நாட்டின் பொருளாதாரம் 60 சதவீதத்துக்கு மேல் வளர்ந்தது.

நமக்கு அது முழுக்க அந்நிய தேசம் இல்லை. 1838 முதல் 1917 வரை கரும்புத் தோட்ட வேலைக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களில் சென்னையில் கப்பலேறிய தமிழர்களும் உண்டு. பெர்பீஸ் பக்கம் இன்றும் மாரியம்மனுக்குப் பூசை நடக்கிறது. அவர்களுடைய வழித்தோன்றல்கள், ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தோர், காட்டுப் பகுதிகளில் வாழும் அமரிண்டியப் பூர்வகுடிகள் எல்லாருக்கும் இந்த எண்ணெயில் உரிமை உண்டு. அரசியல் கட்சிகளோ இன அடிப்படையில் பிரிந்து கிடக்கின்றன. ஆட்சியில் இருக்கும் கட்சி தன் ஆட்களுக்கே எல்லாவற்றையும் செய்யும் என்ற பயம் இரண்டு பக்கமும் உண்டு. அதனால் பங்கீடு என்பது அங்கே வெறும் நிதிக் கேள்வி ஆகாது.

வழிகள் பெரிதாக நான்கு. பணத்தை நிதியத்தில் போட்டுப் பூட்டிவைப்பது. சாலை, பள்ளி, மருத்துவமனை என்று உடனே கட்டுவது. மக்கள் கையில் பணமாகக் கொடுப்பது. எண்ணெயோ தாதுவோ கிடைக்கும் பகுதிக்குத் தனிப்பங்கு ஒதுக்குவது. நான்கையும் வேறு நாடுகள் செய்து பார்த்துவிட்டன. எங்கே தேறின, எங்கே உடைந்தன என்று நமக்குத் தெரியும். ஆனால் அதற்கு முன்னால் ஒரு விஷயத்தைப் பேசியாக வேண்டும். பங்கிடுவதற்கு அரசின் கைக்கு எவ்வளவு வருகிறது?

கயானா 2016-ல் எக்ஸான் தலைமையிலான கூட்டணியுடன் போட்ட ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்வோம். நூறு பீப்பாய் எண்ணெய் எடுத்தால், அதில் 75 பீப்பாய் வரை கம்பெனிகள் தங்கள் செலவை ஈடுகட்ட எடுத்துக்கொள்ளலாம். மீதி 25-ல் அரசுக்குப் பாதி, கம்பெனிகளுக்குப் பாதி. ஆக அரசுக்குப் பன்னிரண்டரை. இதோடு எடுக்கும் எண்ணெய்க்காக அரசுக்குத் தர வேண்டிய உரிமத்தொகையான ராயல்டி 2 சதவீதம். இரண்டையும் சேர்த்தால் பதினான்கரைப் பீப்பாய். கம்பெனிகள் கட்ட வேண்டிய வருமான வரியும் அரசின் பங்கிலிருந்தே கட்டப்பட்டதாகக் கணக்கு. ஒரு வயலுக்கு ஆன செலவை அந்த வயலின் எண்ணெயில்தான் கழிக்க வேண்டும் என்ற கட்டுப்பாடும் இல்லை. புதிதாகத் தோண்டுகிற வயலின் செலவைப் பழைய வயலின் வருமானத்தில் கழிக்கலாம். அதனால் 'செலவு தீர்ந்ததும் அரசின் பங்கு கூடும்' என்ற நாள் தள்ளிக்கொண்டே போகிறது. கையெழுத்தானபோது அரசுக்குக் கிடைத்த ஊக்கத்தொகை 1 கோடியே 80 லட்சம் டாலர். ஒப்பந்தத்தின் வாசகமே 2017 டிசம்பரில்தான் பொதுமக்கள் கண்ணுக்கு வந்தது.

கம்பெனிகள் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. அந்தக் கடலில் பல பத்தாண்டுகள் தோண்டியும் ஒன்றும் கிடைக்காமல் போயிருந்தது. துணிந்து பணம் போட்டவர்கள் லாபம் கேட்பார்கள். ஆனால் கயானா அரசே 2023-ல் வெளியிட்ட புதிய மாதிரி ஒப்பந்தத்தைப் பாருங்கள். ராயல்டி 10 சதவீதம், செலவுக் கழிவு 65 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, தனியாக 10 சதவீத வரி. பழைய ஒப்பந்தத்தில் எவ்வளவு விட்டுக்கொடுத்தோம் என்பதை அரசே எழுதி ஒப்புக்கொண்டது போலத்தான் இது. இருந்தும் பழைய ஒப்பந்தத்தைத் திறக்க மாட்டோம் என்கிறது. பங்கீட்டைப் பற்றிய எந்த விவாதமும் இந்த இடத்தில் தொடங்கவில்லை என்றால், அரசின் கைக்கு வராத பணத்தைப் பற்றி யாருமே பேசாமல் போய்விடுவோம்.

பூட்டிவைப்பது

உலகில் யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது நார்வேயைத்தான். எண்ணெய்ப் பணத்தை வெளிநாட்டு நிதியத்தில் போடு, ஆண்டுக்கு ஒரு சிறு பங்கை மட்டும் எடு, அசல் பேரப்பிள்ளைகளுக்கு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நார்வே அந்த நிதியத்தைத் தொடங்கியபோது ஏற்கெனவே பணக்கார நாடு. அதன் குழந்தைகள் பள்ளியில் இருந்தார்கள், குழாயில் தண்ணீர் வந்தது.

அதே வழியை ஏழை நாடு ஒன்று ஏறக்குறைய அப்படியே எடுத்துச் செய்தது என்றால் அது கிழக்குத் திமோர். 2005-ல் பெட்ரோலிய நிதியத்தைத் தொடங்கியது. எண்ணெய்ச் செல்வத்தின் மொத்த மதிப்பில் ஆண்டுக்கு 3 சதவீதம்தான் எடுக்கலாம் என்று விதி. கணக்கு வழக்குகள் வெளிப்படை. பதின்மூன்று லட்சம் மக்களுள்ள நாட்டுக்கு 1,800 கோடி டாலருக்கு மேல் சேர்ந்தது. இது சாதாரண சாதனை இல்லை. போர் முடிந்து எரிந்து கிடந்த நாடு அது.

அப்புறம் நடந்ததையும் பார்க்க வேண்டும். 3 சதவீதம் என்பது தடை இல்லை, நாடாளுமன்றம் காரணம் சொல்லி அதற்கு மேலும் எடுக்கலாம். ஆண்டுக்காண்டு எடுத்தார்கள். தென்கரையில் பெட்ரோலியத் தொழில் நகரம் கட்டுவோம் என்று தாசி மானே திட்டத்தைத் தொடங்கினார்கள். சுவாய் ஊரில் 2017-ல் விமான நிலையம் திறந்தார்கள். அதில் இறங்கும் விமானங்கள் அரிது. கிரேட்டர் சன்ரைஸ் எரிவாயு வயலில் பங்கு வாங்க 65 கோடி டாலர் கொடுத்தார்கள். அந்த வயலிலிருந்து இன்னும் எரிவாயு வரவில்லை. அதுவரை சோறு போட்ட பாயு-உந்தான் வயல் 2025-ல் நின்றுவிட்டது. இத்தனைக்கும் நடுவில், அந்த நாட்டின் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேர் சத்துக்குறைவால் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். கோடி கோடியாக வெளிநாட்டுப் பத்திரங்களில் இருந்தபோதும் அப்படித்தான் இருந்தது. வருங்காலத் தலைமுறைக்காகச் சேமிக்கிறோம் என்றால், அந்தத் தலைமுறை இப்போது மூன்று வயதில் பசியோடு இருக்கிறதே என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

சட்டம் எழுதிவிட்டால் பூட்டு உறுதியாகுமா என்பதற்கு ஆப்பிரிக்காவின் சாட் நாடு பதில் சொன்னது. உலக வங்கி, எண்ணெய்க் குழாய்க்கு உதவ வேண்டுமானால் வருமானத்தைச் சட்டப்படி பிரிக்க வேண்டும் என்றது. 1999-ல் சட்டம் வந்தது. 10 சதவீதம் வருங்காலத் தலைமுறைக்கு, மீதியில் பெரும்பகுதி கல்வி, மருத்துவம் போன்ற துறைகளுக்கு. கம்பெனிகளிடமிருந்து முதலில் வந்த ஊக்கத்தொகையிலேயே ஒரு பகுதி ஆயுதங்களுக்குப் போனது. 2003-ல் ஏற்றுமதி தொடங்கியது. இரண்டே ஆண்டுகள் கழித்து அதிபர் இத்ரிஸ் டெபி சட்டத்தைத் திருத்தி, வருங்கால நிதியத்தையே எடுத்துவிட்டு, 'பாதுகாப்பு' என்பதை முன்னுரிமைப் பட்டியலில் சேர்த்தார். 2008-ல் கடனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உலக வங்கியுடனான ஏற்பாட்டையும் முடித்துக்கொண்டார். வெளியிலிருந்து கட்டிய பூட்டு அது. உள்ளூரில் அதைக் காக்க யாரும் இல்லை.

கானாவின் கதை இதைவிட நுட்பமானது, எனக்கு இதுதான் அதிகம் உறுத்துகிறது. 2011-ல் நல்ல சட்டம் எழுதினார்கள். வருமானத்தில் 70 சதவீதம் வரை பட்ஜெட்டுக்கு, மீதி இரண்டு நிதியங்களுக்கு: விலை விழுந்தால் தாங்க ஒன்று, வருங்காலத்துக்கு ஒன்று. கண்காணிக்க, தொழிற்சங்கம், பத்திரிகையாளர், மதத் தலைவர்கள் எனப் பல தரப்பினரும் உட்கார்ந்த ஒரு பொதுக் குழு. அந்தக் குழு பணம் கொடுத்ததாகக் கணக்கில் உள்ள வேலைகளை நேரில் போய்ப் பார்த்து அறிக்கை வெளியிடுகிறது. இதெல்லாம் உண்மையிலேயே பாராட்ட வேண்டியவை. ஆனால் எண்ணெய் வரப்போகிறது என்ற நம்பிக்கையில் அரசு இன்னொரு பக்கம் கடன் வாங்கிக்கொண்டே இருந்தது. 2015-ல் வெளியிட்ட ஒரு டாலர் கடன்பத்திரத்துக்கு வட்டி 10.75 சதவீதம். நூறு கோடி டாலருக்கு ஆண்டு வட்டி மட்டும் 10 கோடியே 75 லட்சம் டாலர். அதே நேரம் நிதியத்தின் பணம் பத்திரமான, ஆனால் மிகக் குறைந்த வட்டி தரும் வெளிநாட்டு முதலீடுகளில் கிடந்தது. கந்துவட்டிக்குக் கடன் வாங்கிக்கொண்டே தபால் நிலையத்தில் சிறுசேமிப்புப் போடும் குடும்பத்தின் நிலைதான் இது. 2022 டிசம்பரில் கானா வெளிக்கடனைக் கட்ட முடியாமல் நிறுத்திவைத்தது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது: கடனுக்கு உச்சவரம்பு இல்லாத நிதியம் வெறும் கண்துடைப்பு. கயானாவுக்கு இது நேரடியாகப் பொருந்தும். அங்கே முதல் நிதியச் சட்டம் 2019 ஜனவரியில் எதிர்க்கட்சி இல்லாத அவையில் நிறைவேறியது. ஆட்சி மாறியதும் 2021 டிசம்பரில் புதுச் சட்டம். அப்போது எதிர்க்கட்சியினர் அவையின் செங்கோலைப் பறிக்க முயன்று தள்ளுமுள்ளு ஆனது. அந்தச் சட்டத்தின் விதி எளியது: முந்தைய ஆண்டு வந்த பணத்தில் முதல் 50 கோடி டாலரை முழுதாக எடுக்கலாம், அடுத்த 50 கோடியில் முக்கால், அதற்கடுத்ததில் பாதி, பிறகு கால், இப்படியே குறைந்துகொண்டு போய் 250 கோடிக்கு மேல் வருவதில் 3 சதவீதம் மட்டும். வருமானம் கூடக் கூடச் சேமிப்பும் கூடியிருக்கும். ஆனால் 2024-ல் ஒரே சட்டத்தின் மூலம் எடுக்கும் அளவையும் உயர்த்தி, அரசின் கடன் வரம்பையும் உயர்த்தினார்கள். அந்த ஆண்டு நிதியத்துக்கு வந்ததில் பாதிக்கும் மேல் அதே ஆண்டு பட்ஜெட்டுக்குப் போனது. செலவு செய்வதை நான் குறை சொல்லவில்லை. எடுப்பதும் கூடி, கடனும் கூடுவதுதான் கானா போன பாதை.

கட்டுவது

போட்ஸ்வானா 1966-ல் சுதந்திரம் பெற்றபோது நாடு முழுவதிலும் தார்ச்சாலை சுமார் 12 கிலோமீட்டர்தான் இருந்தது. மறு ஆண்டு ஒராபாவில் வைரம் கிடைத்தது. அந்த நிலம் பாமங்வாட்டோ இனக்குழுவுடையது. முதல் அதிபர் செரெட்சே காமா அதே குழுவின் தலைமைக் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய அரசுதான் கனிம உரிமை எல்லாவற்றையும் நாட்டுக்கு உரியதாக்கிச் சட்டம் கொண்டுவந்தது. தன் குழு மட்டும் பணக்காரக் குழுவாக ஆகும் வாய்ப்பை அவர் விட்டுக்கொடுத்தார். அடுத்து, டி பியர்ஸ் என்ற வைர நிறுவனத்துடனான கூட்டுக் கம்பெனியில் 15 சதவீதமாக இருந்த அரசின் பங்கை 1970-களின் நடுவில் 50 சதவீதமாக உயர்த்தினார்கள். ஒப்பந்தம் போட்டாச்சு, இனிப் பேச முடியாது என்று அவர்கள் இருந்துவிடவில்லை.

பணத்தைப் பள்ளி, மருத்துவமனை, சாலை, தண்ணீர் என்று கட்டினார்கள். நாடாளுமன்றம் ஏற்ற தேசிய வளர்ச்சித் திட்டத்தில் இடம்பெறாத எதற்கும் பணம் கிடைப்பது கடினம். திட்டத்தில் சேர்க்க வேண்டுமானால் பிற்கால நடைமுறைச் செலவையும் காட்ட வேண்டும். கட்டிடம் கட்டுவது எளிது, அதில் பத்து ஆண்டு கழித்தும் நர்ஸ் இருப்பாரா என்பதுதான் கேள்வி. மிஞ்சியதை 1994-ல் தொடங்கிய பூலா நிதியத்தில் போட்டார்கள். வரிசையைக் கவனியுங்கள்: முதலில் ஒப்பந்தம், பிறகு கட்டுமானம், கடைசியில்தான் சேமிப்பு.

அதற்காகப் போட்ஸ்வானாவைக் கோயில் கட்டிக் கும்பிட முடியாது. வருமான ஏற்றத்தாழ்வு மிக அதிகமுள்ள நாடுகளில் அது ஒன்று. வைரத்தைத் தாண்டி வேறு தொழில் வளரவில்லை. ஆய்வகத்தில் செய்யும் வைரம் சந்தையை அடித்ததும் வருமானம் சரிந்தது, நிதியம் கரைந்தது, 58 ஆண்டுகள் ஆண்ட கட்சி 2024 தேர்தலில் தோற்றது.

கயானாவில் கட்ட வேண்டியது ஏராளம். மக்களில் பெரும்பாலோர் வாழும் கடற்கரைச் சமவெளி, கடல் ஏறும்போது அதன் மட்டத்துக்கும் கீழே இருக்கிறது. கடல் தடுப்புச் சுவரும் மதகும் இல்லாமல் அங்கே வயலும் இல்லை, ஊரும் இல்லை. டெமராரா ஆற்றின் மேல் 2025-ல் புதுப்பாலம் திறந்தார்கள், பல்கலைக்கழகத்தில் கட்டணத்தை நீக்கினார்கள். நல்லதுதான். ஆனால் சிறிய நாட்டில் ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் கட்டினால் சிமென்ட்டும் கொத்தனார் கூலியும் ஏறும், சந்தையில் காய்கறி விலையும் சேர்ந்து ஏறும். ஒப்பந்தக்காரர்கள் சம்பாதிப்பார்கள். பாலம் யார் ஊருக்கு, சாலை யார் ஊருக்கு என்ற இனச் சந்தேகமும் தீராது.

கையில் கொடுப்பது

இந்த வழியை மங்கோலியா கெடுத்த விதம் எல்லாருக்கும் எச்சரிக்கை. 2008 தேர்தலில் ஒரு கட்சி ஆளுக்குப் பத்து லட்சம் துக்ரிக் (அந்நாட்டு நாணயம்) தருவோம் என்றது, மற்றது பதினைந்து லட்சம் என்றது. அவர்கள் நம்பியிருந்த புதிய பெரிய சுரங்கங்கள் அப்போது உற்பத்தியையே தொடங்கவில்லை. பிறகு மனித மேம்பாட்டு நிதியம் ஒன்றைத் தொடங்கி மாதம் 21,000 துக்ரிக் கொடுத்தார்கள். பணம் போதாமல், நிலக்கரி வாங்கவிருந்த சீன நிறுவனத்திடம் முன்பணம் வாங்கிக் கொடுத்தார்கள். விலைவாசி ஏறியது. 2012 தேர்தலோடு திட்டம் நின்றது. 2017-ல் பன்னாட்டு நாணய நிதியம் (ஐ.எம்.எஃப்.) கைகொடுக்க வேண்டியதாயிற்று.

பொலிவியா வேறு மாதிரி செய்தது. எரிவாயு மீது 2005-ல் 32 சதவீத நேரடி வரி போட்டார்கள். அந்தப் பணத்திலிருந்து 60 வயதைத் தாண்டிய ஒவ்வொருவருக்கும் 'கண்ணிய வருமானம்' என்ற பெயரில் மாதத் தொகை. அரசுப் பள்ளியில் ஆண்டு முழுவதும் படித்த பிள்ளைக்கு ஆண்டுக்கு 200 பொலிவியானோ (அந்நாட்டு நாணயம்). வேலைக்குப் போய் ஓய்வூதியம் பெறும் வாய்ப்பே இல்லாத மலைகிராமத்துப் பாட்டிக்கு முதல் முறையாக மாதாமாதம் கையில் காசு வந்தது. 2005-ல் 60 சதவீதமாக இருந்த வறுமை பத்து ஆண்டுகளில் 40 சதவீதத்துக்குக் கீழே இறங்கியது. அதில் நல்ல விலைக்கும் பங்கு உண்டு. பின்னால் எரிவாயு குறைந்து, நாட்டின் டாலர் கையிருப்பு கரைந்து, பெட்ரோலுக்கு வரிசையில் நிற்கும் நிலை வந்தது. அப்போதும் முதியோர் தொகையை நிறுத்த எந்த அரசும் துணியவில்லை. சட்டம், தெளிவான தகுதி, மாதாமாதம் வரும் பழக்கம் மூன்றும் சேர்ந்ததால் அது மக்களின் உரிமையாகிவிட்டது.

கயானாவில் 2024 அக்டோபரில் அதிபர் இர்ஃபான் அலி குடும்பத்துக்கு இரண்டு லட்சம் கயானா டாலர் என்று அறிவித்தார். குடும்பம் என்றால் யார்? ஒரே வீட்டில் மூன்று அண்ணன் தம்பிகள் தனித்தனி அடுப்பு வைத்திருந்தால்? வாடகைக்கு இருக்கும் தனி ஆள்? கேள்விகள் கிளம்பியதும் சில நாட்களிலேயே 18 வயதைத் தாண்டிய ஒவ்வொருவருக்கும் ஒரு லட்சம் என்று மாற்றினார்கள். அமெரிக்கப் பணத்தில் சுமார் 480 டாலர். இந்த மாற்றம் சரியானது. ஆளுக்கு இவ்வளவு என்றால்தான் எந்த அதிகாரியின் தயவும் வேண்டியதில்லை. ஆனால் தேர்தலுக்கு முந்தைய ஆண்டில் அறிவித்த ஒருமுறைத் தொகை அது. அடுத்தது எப்போது என்பது ஆள்பவர் மனசைப் பொறுத்தது.

பள்ளிப் பிள்ளைகளுக்கான உதவித்தொகையின் வரலாறு இதை இன்னும் தெளிவாகக் காட்டும். 2014-ல் பிள்ளைக்குப் பத்தாயிரம் கயானா டாலர் என்று தொடங்கியது. 2015-ல் ஆட்சி மாறியது, நின்றது. மறுபடி பழைய கட்சி வந்ததும் 2021-ல் திரும்ப வந்தது. நடுவில் பள்ளிக்குப் போன பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள்? இதற்கு நேர்மாறாக, 65 வயதைத் தாண்டிய எல்லாருக்கும் சொத்துக் கணக்குப் பார்க்காமல் கொடுக்கும் முதியோர் ஓய்வூதியம் எத்தனை ஆட்சி மாறியும் நிற்கவில்லை. 2025-ல் அது மாதம் 41,000 கயானா டாலர்.

எண்ணெய் எடுக்கும் பகுதிக்குத் தனிப்பங்கு என்ற நான்காவது வழியை நான் சுருக்கமாகவே சொல்வேன். நைஜீரியா தன் அரசியலமைப்பிலேயே எண்ணெய் மாநிலங்களுக்குக் குறைந்தது 13 சதவீதம் என்று எழுதியது. பணம் ஆளுநர் மாளிகைகளோடு நின்றுவிட்டது. டெல்டா மாநிலத்தின் முன்னாள் ஆளுநர் ஜேம்ஸ் இபோரி 2012-ல் லண்டன் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறை சென்றார். இந்தியாவில் 2015 முதல், சுரங்கத்தால் பாதிக்கப்படும் பகுதிகளுக்காகச் சுரங்கக் கம்பெனிகள் பணம் செலுத்தும் மாவட்டக் கனிம அறக்கட்டளைகள் இருக்கின்றன. சுரங்கப் புழுதியைச் சுவாசிக்கும் ஊரைவிட மாவட்டத் தலைநகரின் கட்டிடங்களுக்கே பணம் போகிறது என்ற குறை அங்கேயும் உண்டு. கயானாவின் எண்ணெய் ஆழ்கடலில் இருப்பதால் 'எண்ணெய் ஊர்' என்று ஒன்று கிடையாது. ஆனால் வேறொரு வளத்தில் அவர்கள் இதைச் சற்று நன்றாகவே செய்திருக்கிறார்கள். காட்டைக் காத்ததற்கான கார்பன் வரவுகளை (காடு தேக்கிவைக்கும் கரிக்கு ஈடாக விற்கக்கூடிய சான்றுகளை) 2022-ல் ஹெஸ் எண்ணெய் நிறுவனத்துக்கு விற்க ஒப்பந்தம் போட்டு, அதில் 15 சதவீதத்தை அமரிண்டிய ஊர்களுக்கு ஒதுக்கினார்கள். ஊர் கூடித் தானே திட்டம் போட வேண்டும். மாநிலத்துக்கோ மாவட்டத்துக்கோ போகாமல் நேராக ஊருக்கே போவதால் யார் செலவழித்தார் என்று கேட்க ஆள் இருக்கிறது.

சரி, கயானா எதை எடுக்க வேண்டும்? ஒரே வழியை எடுத்தால் போதாது, ஆனால் நான்கையும் சமமாகக் கலப்பதும் சரியில்லை. என் வரிசை இது. முதலில் ஒப்பந்தம். முழுவதையும் கிழித்துப் போடச் சொல்லவில்லை. இனி அனுமதி கேட்டு வரும் ஒவ்வொரு புது வயலுக்கும் செலவைத் தனியாகக் கணக்கு வைக்க வேண்டும் என்று நிபந்தனை போடலாம், அனுமதி கொடுக்கும் அதிகாரம் அரசிடம்தான் இருக்கிறது. இரண்டாவது, கடன் வரம்பையும் நிதியத்திலிருந்து எடுக்கும் விதியையும் ஆளும் கட்சி மட்டும் மாற்ற முடியாதபடி, மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்களின் ஒப்புதலோடு கட்ட வேண்டும். அங்கே எந்தக் கட்சிக்கும் அவ்வளவு இடம் எளிதில் கிடைக்காது என்பதால் எதிர்க்கட்சியைக் கூட்டியே ஆக வேண்டும்.

மூன்றாவதுதான் எனக்கு மிக முக்கியம். ஒருமுறைத் தொகைகளை நிறுத்திவிட்டு, முதியோர் ஓய்வூதியத்தையும் பள்ளிப் பிள்ளைகளின் தொகையையும் எண்ணெய் வருமானத்தோடு சட்டத்தில் இணைக்க வேண்டும். கடந்த ஐந்து ஆண்டுகளின் சராசரி வருமானத்தில் இத்தனை சதவீதம் என்று வைத்தால், ஒரு வருடம் விலை விழுந்தாலும் பாட்டியின் பணம் சட்டென்று குறையாது. ஓய்வூதியத்துக்கான ஆட்களும் பட்டியலும் பல ஆண்டுகளாக இருக்கின்றன, புதிதாக ஒன்றும் கட்ட வேண்டாம். இந்தியர், ஆப்பிரிக்கர், அமரிண்டியர் எல்லா வீட்டிலும் பிள்ளையும் முதியவரும் உண்டு. பணம் குறைந்தால் எல்லா வீட்டிலும் ஒரே நாளில் தெரியும். நிதியத்தில் எவ்வளவு இருக்கிறது என்று நிபுணர்கள் மட்டும் பார்த்துக்கொண்டிருந்த நிலை மாறி, பெர்பீஸ் கிராமத்திலும் அதே கேள்வி எழும். சாட்டில் இல்லாமல் போனது இந்தக் காவல்தான்.

கட்டுமானம் அடுத்தது, கடல் சுவரும் பள்ளிகளும் முன்னால், மற்றவை ஆள்பலத்துக்கேற்ற வேகத்தில். வெளிநாட்டு நிதியம் கடைசி. விலை விழும் ஓரிரு ஆண்டுகளைத் தாங்கும் அளவுக்கு அதில் இருந்தால் இப்போதைக்குப் போதும். எண்ணெய் இன்னும் சில பத்தாண்டுகள் வரும், செலவுக் கழிவு குறைந்து அரசின் பங்கு உண்மையிலேயே ஏறும்போது பெரிய சேமிப்பைத் தொடங்கலாம்.

இதை எதிர்ப்பவர்கள் சொல்வதில் ஒன்று எனக்கும் கவலை தருகிறது. வெளிநாட்டில் குடியேறிய கயானியர் ஏராளம். அவர்களுக்கும் பங்கு உண்டா என்பது பெரிய சண்டையாகும். பிள்ளைக்கும் முதியவருக்கும் என்று வைத்தால் இது பாதி தீர்ந்துவிடும்: கயானாவில் பள்ளிக்குப் போகும் பிள்ளை, கயானாவில் வாழும் முதியவர். வேலை செய்யும் வயதினருக்கு நேரடியாக ஒன்றும் இல்லையே என்றால், அவர்களுக்குத் தர வேண்டியது உள்ளூரிலேயே சம்பளம் கொடுக்கும் வேலைதான். படித்த நர்ஸும் ஆசிரியரும் விமானம் ஏறாமல் இருக்கும்படி அவர்களுடைய ஊதியத்தை உயர்த்துவதும் எண்ணெய்ப் பணத்தின் நியாயமான செலவுதான்.

பள்ளித் தொகையைச் சட்டமாக்குவதற்கு ஒப்பந்தத்தைத் திறக்கவும் வேண்டாம், எக்ஸானைக் கேட்கவும் வேண்டாம். அடுத்த பட்ஜெட்டோடு சேர்த்தே அந்த மசோதாவைக் கொண்டுவரலாம்.